வெள்ளிக்கிழமைச் சிவப்புப் புள்ளி

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மர்ஜானாவின் கைப்பேசி அடித்தது. லோரி டிரைவரின் மனைவி அந்த நேரத்தில் கூப்பிட்டால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று விபத்து. இன்னொன்று கோபம்.

"மர்ஜானா, ரோசம்மா பேசறேன்."

"சொல்லுங்க ஆன்ட்டி."

"ஆன்ட்டி எல்லாம் அப்புறம். இன்னிக்கு அஞ்சு மணிதானே கடைசி? எங்க வீட்டுக்காரர் ஒரு வரிகூட எழுதல. பேனாவக் கையில குடுத்தா மை இல்லைங்கறாரு. மக நிக்கோல் கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுத்தா, கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. ஏன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். உங்க அத்தாவுக்கு நல்லாவே தெரியும்."

"ஆன்ட்டி, நான்..."

"லெட்டர்ல திருடன்னு எழுதலையாம். 'சந்தேகத்துக்குரிய நிறுத்தம், டீசல் இழப்பு விசாரிக்கப்படும்'னு எழுதியிருக்காம். முப்பத்திரண்டு வருஷம் உங்க லோரிய ஓட்டின மனுஷன். இங்கிலீஷ்ல திருடன்னு சொன்னா வலிக்காதுன்னு நெனச்சிட்டானா உங்கண்ணன்?"

பதிலுக்குக் காத்திராமல் ரோசம்மா போனை வைத்துவிட்டாள். மர்ஜானாவிடம் பதில் இருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அதை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன் அவள் அத்தா சீனி முகம்மதுவின் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அதே வாரம் அவருடைய கம்பெனி நாற்காலியில் மூத்த மகன் ஸுல்கிஃப்லியை வைத்தார்கள். முதலாவது ஒழுங்காக வேலை செய்கிறது.

ஸுல்கிஃப்லி கோலாலம்பூரில் பன்னிரண்டு வருஷம் ஆலோசகராக இருந்தவன். எதற்கு ஆலோசனை சொன்னான் என்று குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை; கேட்டால் விளக்கிவிடுவான் என்ற பயம். ஜெலுத்தோங் யார்டுக்கு வந்த முதல் மாதமே பதினான்கு லோரிகளிலும் ஜிபிஎஸ் பெட்டி பூட்டினான். மாடி ஆபீஸ் சுவரில் அறுபத்தைந்து அங்குலத் திரை ஏறியது. ஆபீஸின் பெயர் 'கமாண்ட் சென்டர்' ஆனது. டாய்லெட் கதவு மட்டும் பழையபடி மூடாமல் இருந்தது.

திரையில் பினாங்கு வரைபடம். ஓடும் லோரி பச்சைப் புள்ளி. எஞ்சினை அணைக்காமல் நின்றால் மஞ்சள். எஞ்சின் அணைந்தால் சிவப்பு. பக்கத்தில் டிரைவரின் பெயர். யார்டுக்கு வெளியே சிவப்பு அதிக நேரம் நீடித்தால் திரையே ஒரு பெட்டியைத் திறந்து, 'காரணம் கேட்கும் கடிதம் அனுப்பவா?' என்று கேட்கும். ஸுல்கிஃப்லிக்கு அந்தப் பெட்டி மிகவும் பிடிக்கும். ஆம் என்று அமுக்குவதற்கென்றே காலையில் சீக்கிரம் வருவான்.

அவனுடைய பெரிய கண்டுபிடிப்பு, டிரைவர் விவரத்தில் மதம் என்று ஒரு கட்டம். முஸ்லிம் டிரைவர் வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து இரண்டே முக்கால் வரை எங்கே நின்றாலும் மிஷின் கண்டுகொள்ளாது. அது வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கான ஜும்ஆச் சலுகை. ஆனால் ரோசம்மாவின் கணவர் பாக்கியசாமி கத்தோலிக்கர். அவருடைய ஏழாம் நம்பர் லோரி, பதினொரு வாரமாக, வெள்ளிக்கிழமை தவறாமல், சுங்கை பாக்காப்பில் இரண்டு மணி நேரம் சிவப்பாக நின்றது. செவ்வாய்க்கிழமை கடிதம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்துப்பூர்வமான காரணம். இல்லையென்றால் வேலை நீக்கம். ஐம்பத்தெட்டு வயதில், டீசல் திருடன் என்ற பெயரோடு.

*

ஆயர் ஈத்தாம் வீட்டிலிருந்து அத்தாவை ஏற்றிக்கொண்டு வரும்போது வழக்கம்போல் ஜாம். மர்ஜானா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அருகில் சீனி முகம்மது, சட்டைக்கு மேல் அகலமான பச்சை பெல்ட், பெல்ட்டில் ஒரு சாவிக்கொத்து. மகனுக்கு நாற்காலியைக் கொடுத்தார், கம்பெனி முத்திரையைக் கொடுத்தார். பதினான்கு லோரிகளின் மாற்றுச் சாவிகளை மட்டும் கொடுக்கவில்லை. கேட்டால், "இடுப்புக்குப் பழகிப்போச்சி" என்பார்.

"அத்தா, இன்னிக்குச் சொல்லிடுவீங்கதானே?"

"மேடம் லிம் வர்றாங்க. கையெழுத்து ஆவட்டும். அப்புறம் சொல்லலாம்லா."

"செவ்வாக்கிழமையும் இதத்தான் சொன்னீங்க."

"ரெண்டு வருஷக் கொன்ட்ரேக் மா. அந்த ஃபேக்டரி ரூல் உனக்குத் தெரியாதா? ஒரு லோரிக்கு ஒரு பேரு. பேரு குடுத்தவன்தான் ஓட்டணும். மாத்தி ஓட்டினோம்னு தெரிஞ்சா அதோட முடிஞ்சிச்சி."

"மாத்தி ஓட்டச் சொன்னது யாரு?"

சீனி முகம்மது ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே ஒன்றும் இல்லாத இடத்தை அக்கறையாகப் பார்த்தார்.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி சரக்கு வெள்ளிக்கிழமை மதியம் தீவிலிருந்து இரண்டாவது கடற்பாலத்தைக் கடந்து நிபோங் திபால் கிடங்குக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். சரக்கு ஏறுவது ஹனீபாவின் நாலாம் நம்பர் லோரியில். ஹனீபா தொழுகைக்கு நின்றால் கேட் கிடைக்காது. கேட்டைப் பிடித்தால் தொழுகை கிடைக்காது.

அதனால் ஹனீபா பாலம் தாண்டிச் சுங்கை பாக்காப் பள்ளிவாசல் வாசலில் இறங்கிக்கொள்வான். காலைச் சரக்கை அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வரும் பாக்கியசாமி, தன் ஏழாம் நம்பரை அங்கேயே நிறுத்திவிட்டு, நாலாம் நம்பரில் ஏறிச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். இரண்டே முக்காலுக்குத் திரும்பி வருவார். அவரவர் லோரி அவரவருக்கு. பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை டிரிப் எல்லாம் ஹனீபாவுக்கு. பாக்கியசாமி பூசைக்குப் போவார். இதற்குக் காகிதம் கிடையாது. பதினொரு வருஷமாக மர்ஜானாவின் போனிலும், அதற்கு முன்னால் சீனி முகம்மதுவின் வாயிலும் இந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது.

மிஷினுக்கு லோரியைத்தான் தெரியும், ஆளைத் தெரியாது. அது பார்த்த கதையில், ஹனீபா ஒரு வெள்ளிக்கிழமைகூட நிற்காமல் ஓடினான். பாக்கியசாமி பள்ளிவாசல் வாசலில் இரண்டு மணி நேரம் படுத்துக் கிடந்தார்.

"மொதத் தடவ யாரு தொழறதுக்காக அங்கிள் மாத்தி ஓட்டினாரு?" என்றாள் மர்ஜானா. "ஹனீபா அண்ணே அப்போ ஸ்கூல் போய்ட்டிருந்தாரு."

"எனக்காகத்தான்." குரல் பெல்ட்டுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. "ரெண்டே லோரி அப்போ. ஒண்ணு நான் ஓட்டினேன். 'முதலாளி, நீங்க தொழுதுட்டு வாங்க, நான் போய்ட்டு வந்துடறேன்'னு அவனாத்தான் சொன்னான்."

"அப்ப நீங்க முன் வரிசையில நின்ன வெள்ளிக்கிழமை எல்லாம் அவர் ஓட்டிக் குடுத்தது. இப்ப அவரைத் திருடன்னு எழுதுவாங்க, நீங்க கொன்ட்ரேக் பார்ப்பீங்க."

"லேசாப் பேசு மா. நெஞ்சுல ஸ்டென்ட் இருக்கு."

"அது ரத்தம் போறதுக்கு வச்சது அத்தா. வாய அடைக்கறதுக்கு இல்ல."

பின்னால் வந்த கார்க்காரன் ஹார்ன் அடித்தான். மர்ஜானா அவனையும் திட்டினாள். பாவம், அவனுக்கு இந்தக் குடும்பத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

*

லோரிகள் நிற்கும் நேரத்தைக் குறைப்பது எப்படி என்று விளக்குவதற்காக, ஸுல்கிஃப்லி பதினான்கு லோரிகளையும் காலையிலிருந்து யார்டில் நிறுத்தி வைத்திருந்தான்.

இரண்டு மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில். இடது பக்கம் ஃபேக்டரி சரக்கு ஏற்றிய நாலாம் நம்பர், பச்சை பலூன். வலது பக்கம் ஏழாம் நம்பர், சிவப்பு பலூன். மேடம் லிம் உள்ளே நுழையும்போதே நல்லதும் கெட்டதும் கண்ணில் பட வேண்டும் என்று ஏற்பாடு. மற்றப் பன்னிரண்டும் உள்ளே சுவரோடு சுவராக. அவற்றுக்குப் பின்னால் மர்ஜானாவின் கார், மேடம் லிம்மின் கார், ஸுல்கிஃப்லியின் கார்.

மாடியில் டிரைவர்கள் வரிசையாக நின்றார்கள். சுவரில் 'ஸ்மார்ட் ஃப்ளீட், ஸ்மார்ட் ஃபேமிலி' என்று பேனர். திரையில் பதினான்கு சிவப்புப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் குவிந்து, ஜெலுத்தோங்கில் ஏதோ பெரிய தீ பிடித்ததுபோல் இருந்தது.

மேடம் லிம் ஃபேக்டரியின் சரக்குப் போக்குவரத்து அதிகாரி. ஐம்பது வயது, சிறிய உருவம், பெரிய கைக்கடிகாரம். "என் சரக்கு கீழே நிற்கிறது. இரண்டு மணிக்குள் போய்விடுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"டோன்ட் வொரி மேடம். எல்லாம் ரியல் டைம்" என்றான் ஸுல்கிஃப்லி. அது எதற்கும் பதில் இல்லை என்பதை மேடம் லிம் கவனித்துக் குறித்துக்கொண்டார்.

நாற்பது நிமிடம் பேசினான். விசிபிலிட்டி என்றான். எக்கோசிஸ்டம் என்றான். "மனுஷன் பொய் சொல்வான், டேட்டா பொய் சொல்லாது" என்று நான்கு முறை சொன்னான். பின்வரிசையில் ஒரு டிரைவர் நின்றபடியே தூங்கினார். மிஷின் அதைப் பதிவு செய்யவில்லை.

பிறகு ஹனீபாவை அழைத்தான். சட்டம் போட்ட சான்றிதழ்.

"பதினோரு வெள்ளிக்கிழமை! ஒரு நிமிஷம்கூட நிக்கல! ஜும்ஆச் சலுகை இருந்தும் ஒரு தடவகூட எடுக்கல! இதான் டெடிக்கேஷன்!"

கைதட்டச் சொன்னான். தட்டினார்கள்.

ஹனீபா சான்றிதழை வாங்கிக்கொண்டான். பதினோரு வாரம் ஜும்ஆவை விட்டதற்காக ஒரு முஸ்லிம் கம்பெனி ஒரு முஸ்லிமுக்குக் கொடுத்த பாராட்டு அது. போட்டோவில் அவன் முகம், யாரோ செத்த வீட்டில் கூட்டத்தோடு எடுத்ததுபோல் இருந்தது. இரண்டே நிமிடத்தில் அந்தப் படத்தை ஸுல்கிஃப்லி கம்பெனி ஃபேஸ்புக்கில் போட்டான். 'பதினோரு வெள்ளிக்கிழமை, பூஜ்யம் நிறுத்தம்.'

"இப்ப எதிர்ப்பக்கம். மிஸ்டர் பாக்கியசாமி, முன்னால வாங்க."

பாக்கியசாமி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் ஒரு சிலுவை.

"சொல்லுங்க தம்பி."

"ஆபீஸ்ல தம்பின்னு கூப்பிடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" திரையில் சுங்கை பாக்காப்பின் செயற்கைக்கோள் படம் வந்தது. சிவப்புப் புள்ளி. "போன வெள்ளிக்கிழமை. பன்னெண்டே முக்கால் டு ரெண்டே முக்கால். அங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"லோரி நின்னுச்சு."

"லோரிய நான் பார்த்துட்டேன். நீங்க?"

"ஓட்டிட்டிருந்தேன்."

"நிக்கிற லோரிய ஓட்டிட்டிருந்தீங்களா?"

யாரோ இருவர் சிரித்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஹனீபா வாயைத் திறந்தான். பாக்கியசாமி அவனை ஒரு பார்வை பார்த்தார், வாய் மூடிக்கொண்டது. நாற்காலியில் இருந்த சீனி முகம்மது மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மேடம் லிம் திரைக்குப் பக்கத்தில் வந்து புள்ளியை உற்றுப் பார்த்தார். "இது பள்ளிவாசல் இல்லையா? குவிமாடம் தெரிகிறதே. வெள்ளிக்கிழமை ஒரு மணி. இவர் முஸ்லிமா?"

"நோ மேடம், கிறிஸ்டியன்."

"அப்படியானால் அங்கே என்ன செய்கிறார்?"

"எக்ஸாக்ட்லி!" ஸுல்கிஃப்லி துள்ளினான். "கிறிஸ்டியனுக்குப் பள்ளிவாசல் வாசல்ல ரெண்டு மணி நேரம் என்ன வேலை? டீசல் உறிஞ்சறதுக்கு இதவிட நல்ல எடம் இருக்கா? எல்லாரும் உள்ள தொழுதுட்டு இருப்பாங்க!"

பாக்கியசாமி கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

மர்ஜானா எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது.

"ஹனீபா அண்ணே. ஒரே கேள்வி. போன வெள்ளிக்கிழமை நீங்க எங்க தொழுதீங்க?"

ஹனீபா சான்றிதழைப் பார்த்தான். தொழவில்லை என்று சொன்னால் அந்தக் காகிதம் உண்மை. தொழுதேன் என்றால் பாக்கியசாமி சொன்னது உண்மை.

"மர்ஜானா, விடு மா" என்றார் பாக்கியசாமி.

"விட மாட்டேன் அங்கிள். மூணு நாளா விட்டுத்தான் வந்திருக்கேன். சொல்லுங்க ஹனீபா அண்ணே!"

"சுங்கை பாக்காப்ல" என்றான் ஹனீபா. "பதினோரு வாரமும் அங்கதான் தொழுதேன். என் லோரிய ஓட்டினது பாக்கியம் அண்ணன். எனக்குப் பேர் போயிடக் கூடாதுன்னு வாயத் தொறக்கல அவரு. நான்... நான் கைதட்டு வாங்கிட்டு நின்னேன்."

மர்ஜானா அதையே ஆங்கிலத்தில் மேடம் லிம்முக்குச் சொன்னாள். ஒரு சொல்லையும் பூசி மெழுகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையையும் சொன்னாள். "ஏற்பாடு பண்ணினது நான். எனக்கு முன்னாடி பண்ணினது எங்க அத்தா. எங்க குடும்பத்துல இது தெரியாத ஒரே ஆள், எல்லாத்தையும் ஸ்கிரீன்ல பார்க்கற ஆள்தான்."

மேடம் லிம் கோப்பைப் புரட்டினார். "பதினொரு வாரத்தில் ஒரு நாளும் தாமதம் இல்லை." இன்னொரு தாள். "ஆனால் கேட் பதிவில் ஹனீபா என்று இருக்கிறது." கோப்பை மூடினார். "நடந்ததை எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தத்தைத் திங்கட்கிழமை பார்ப்போம். இன்றைய சரக்கு இரண்டு மணிக்குள் போக வேண்டும். போகாவிட்டால் திங்கட்கிழமை பார்க்கவும் ஒன்றும் இருக்காது."

மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு மனிதனுக்கு வாழ்க்கையில் சில நல்ல சந்தர்ப்பங்கள் கிடைக்கும். ஸுல்கிஃப்லி இதையும் தவறவிட்டான்.

"அப்ப டீசல் கேஸ் இல்ல. ஓகே. தன் பேர்ல இல்லாத லோரிய ஓட்டினது, அது பெரிய வயலேஷன்! பதினோரு தடவ!" கீபோர்டுக்குப் போனான். எல்லோரும் பார்க்க ஏழாம் நம்பருக்குப் பக்கத்திலிருந்த பாக்கியசாமி என்ற பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தான். அந்த இடத்தில் 'ஓட்டுநர்: இல்லை' என்று வந்தது. "யூ ஆர் டெர்மினேட்டட். அஞ்சு மணி வரைக்கும் வெயிட் பண்ணத் தேவையில்ல."

பாக்கியசாமி சட்டைப் பையிலிருந்து ஏழாம் நம்பர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். மேசையைத் தொடாமல் வைத்ததுபோல் அவ்வளவு மெதுவாக.

"தம்பி" என்றார். "நீ அஞ்சு வயசுல லோரியில என் மடியில உக்காந்து ஹார்ன் அடிப்ப. கைய எடுக்கச் சொன்னா கடிப்ப. அப்பவே கீழ எறக்கி விட்டிருக்கணும். என் தப்பு."

படியிறங்கிப் போய்விட்டார்.

"சர்ட்டிபிகேட்ட நீங்களே வச்சிக்கோங்க பாஸ்." ஹனீபா சட்டத்தைக் கவிழ்த்து வைத்தான். "மணி பன்னெண்டேகால். நான் தொழப் போறேன். நடந்து போறேன். லோரி நிக்கட்டும்."

அவன் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். அவரவர் சாவி அவரவர் பையில்.

"எங்க போறீங்க? சரக்கு யார் கொண்டு போறது?" என்று ஸுல்கிஃப்லி கத்தினான்.

"சலுகை இருக்குலா பாஸ். நீங்கதானே கட்டம் போட்டுக் குடுத்தீங்க" என்று படியிலிருந்து ஒரு குரல் வந்தது. தூங்கிக்கொண்டிருந்தவருடையது.

அப்போதுதான் சீனி முகம்மதுவின் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் அவர் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும். பள்ளிவாசல் கமிட்டித் தலைவர் ஷேக் அலாவுதீன் ஹாஜியார்.

"என்னப்பா சீனி, ஃபேஸ்புக்குல பார்த்தேன். உங்க கம்பெனியில ஜும்ஆவுக்குப் போவாம இருந்தா ஃப்ரேம் போட்டுக் குடுக்கறீங்களா? இன்னிக்கு முன் வரிசையில உக்காருவியா, இல்ல லோரி ஓட்டப் போறியா?"

சிரிப்புச் சத்தம் கேட்டது. அங்கே நாலைந்து பேர் கூட இருந்தார்கள் போலிருக்கிறது.

மர்ஜானா அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். காதுவரை சிவந்திருந்தது.

"இப்பத்தான் சுடுதா அத்தா?" என்றாள். "அவரைத் திருடன்னப்ப சுடல. ஹாஜியார் சிரிச்சாத்தான் சுடுது."

சீனி முகம்மது போனை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். கதவுப் பக்கம் நடந்தார். டாய்லெட்டுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

*

மேடம் லிம் கீழே போய்ப் பார்த்துவிட்டு மேலே வந்தார். அவருடைய கார் பன்னிரண்டு லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. சாவிகள் எல்லாம் தொழுகைக்குப் போயிருந்தன. உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"எல்லாம் உன்னாலதான்" என்றான் ஸுல்கிஃப்லி. "குடும்ப விஷயத்தக் கஸ்டமர் முன்னால..."

"ஒரு மனுஷனைத் திருடன்னு கஸ்டமர் முன்னால சொன்னது நீ. ஒரு போன் பண்ணி, ஏன் அங்கிள் அங்க நிக்கிறீங்கன்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். மூணு மாசமா யார்கிட்டயாவது பேசியிருக்கியா நீ? ஸ்கிரீனத் தவிர?"

"டேட்டா..."

திரை 'டிங்' என்றது.

சிவப்புக் குவியலிலிருந்து ஒரு புள்ளி பிரிந்து, பச்சையாகி, விரைவுச்சாலைப் பக்கம் நகர்ந்தது. நாலாம் நம்பர். 'ஓட்டுநர்: ஹனீபா. ஜும்ஆச் சலுகை: பயன்படுத்தவில்லை.' கீழே மஞ்சள் நட்சத்திரம் ஒன்று தானாகக் கூடியது. பன்னிரண்டாவது வெள்ளிக்கிழமை.

"பார்த்தியா!" ஸுல்கிஃப்லி மேசையைத் தட்டினான். "ஹனீபா போயிட்டான்! லாயல்ட்டி! மேடம், யுவர் கார்கோ இஸ் மூவிங்!"

மர்ஜானா ஜன்னலுக்குப் போனாள். தெருக்கோடியில் வெள்ளைச் சட்டையும் சொங்கோக் தொப்பியுமாக ஹனீபா நடந்து போய்க்கொண்டிருந்தான். எதிர்த்த ஒட்டுக்கடையில் பாக்கியசாமி தேத்தண்ணிக் கிளாஸோடு எழுந்து நின்று, நாலாம் நம்பர் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாஸிலிருந்து தேநீர் அவர் கையில் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் பச்சை பலூன் மட்டும் தரையில் உருண்டது.

அவள் திரும்பி அத்தாவின் நாற்காலியைப் பார்த்தாள். போன் இருந்தது. பக்கத்தில் மத்தியானம் போட வேண்டிய மாத்திரை டப்பா இருந்தது.

"அண்ணே. மாத்துச் சாவி எல்லாம் யார்கிட்ட இருக்கு?"

அவனுக்குப் புரிய நான்கு நொடி ஆனது.

"அவருக்கு லைசென்ஸ் செத்து நாலு வருஷம்! நெஞ்சுல ஸ்டென்ட்! அதுல பேர் ஹனீபான்னு..."

"டேட்டாதான் பொய் சொல்லாதுல்ல அண்ணே" என்றாள் மர்ஜானா. ஏழாம் நம்பர் சாவியையும் மாத்திரை டப்பாவையும் எடுத்து அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "எல்லாக் காரும் உன் லோரிக்குப் பின்னால மாட்டிக்கிச்சு. கேட் பக்கம் நிக்கிறது ஏழு ஒண்ணுதான். அத ஓட்டறதுக்கு இந்தத் தெருவுல இப்ப ஒரே ஒரு ஆள்தான் இருக்காரு. கீழ போ. போய்க் கேளு. தம்பின்னுதான் கூப்பிடுவாரு. கேட்டுக்கோ."

ஸுல்கிஃப்லி இறங்கி ஓடினான். மர்ஜானா ஜன்னலில் நின்று பார்த்தாள். அவன் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் பாக்கியசாமி அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினார்.

"ஏறு" என்றார். தெருவுக்கே கேட்டது. "முதலாளிக்காக ஓட்டறேன். உன்ன மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சிராத. வழியில வாயத் தொறந்த, பாலத்துல எறக்கி விட்ருவேன்."

ஏழாம் நம்பர் சிவப்பு பலூனோடு கேட்டைத் தாண்டியது.

மர்ஜானா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். இந்த மூன்று மாதத்தில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பாயான் லெப்பாஸ் தாண்டி ஒரு பச்சைப் புள்ளி. அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், இன்னொரு பச்சை. 'ஓட்டுநர்: இல்லை' என்ற பெயரோடு அது மணிக்குத் தொண்ணூறில் பறந்துகொண்டிருந்தது.

மேடம் லிம் பக்கத்தில் வந்து நின்றார். "உங்கள் அப்பாவா?"

"ஆமாம்."

"நன்றாக ஓட்டுகிறார்."

ஒரு மணி பத்து. நாலாம் நம்பர் இரண்டாவது பாலத்தில் ஏறியது. சுற்றிலும் நீலம், நடுவில் ஒரு பச்சை. கால் பங்கு தூரம். பாதித் தூரம்.

புள்ளி மஞ்சளானது. லோரி பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது.

மர்ஜானா திரையைத் தொட்டாள், தொட்டால் நகரும் என்பதுபோல். ஏழாம் நம்பர் இன்னும் பாலத்துக்கே வரவில்லை. காலி நாற்காலியில் அத்தாவின் போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது.

மஞ்சள் சிவப்பானது, எஞ்சின் அணைந்து சிவப்பாகவே நீடித்தது.

'டிங்.' திரையின் நடுவில் அந்தப் பெட்டி திறந்தது.

'ஹனீபா. கடற்பாலம். அனுமதியற்ற நிறுத்தம். காரணம் கேட்கும் கடிதம் அனுப்பவா?'